லாயத்து வாயிலில் வெப்பமானி

நோய்க்காலத்தில் ஊர் விட்டு ஊர் செல்வோர் படும் பாட்டை நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் சொந்த ஊரிலே பெற்றோர் நோய்ப்பட்டிருந்தாலுங்கூட, இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டும், பரிசோதனைச் சான்றும், எல்லைச் சாவடியில் நெற்றிக்கு நேரே நீட்டப்படும் வெப்பமானியும் கடந்த பின்னரே பலருக்கு வீட்டுத் திண்ணையைக் காண முடிந்தது. கொள்ளைநோய் விதி என்பது இன்னதென்று அந்நாட்களில் நம்மவர் ஒவ்வொருவருக்கும் மெய்யாகவே விளங்கிற்று. அதே ஆண்டுகளில் குதிரைகளும் இத்தகைய சாவடிகளைக் கடந்து சென்றன; அவற்றுக்கும் உடல் வெப்பம் அளக்கப்பட்டது; அவற்றுக்கும் தனிமை வாசம் விதிக்கப்பட்டது. இதைப் பலர் அறியார். குதிரையேற்றப் போட்டிகள் நடக்கும் களங்களில் கொள்ளைநோய் விதிகள் எவ்வாறு காக்கப்பட்டன, எவ்வாறு தவறவிடப்பட்டன என்பதைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். செல்வர் வீட்டு விளையாட்டு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடத் தக்க செய்தியன்று இது. விதியை எழுதுவோர் மேலிடத்தில் இருக்கின்றனர். அவ்விதி உயிர் பெறுவதோ லாயத்தில் வாளி தூக்கும் ஒருவரது கையில்.

குதிரைப் போட்டி என்றவுடன் கிண்டி மைதானமும் பந்தயச் சீட்டும் பலர் நினைவுக்கு வரக்கூடும். நாம் கூறுவது அப்பந்தயத்தை அன்று. ஒலிம்பிக்கில் இடம்பெறும் குதிரையேற்றம் மூவகைப்படும். ட்ரெஸ்ஸாஜ் என்பது, வகுக்கப்பட்ட இலக்கணத்துக்கு உட்பட்டுக் குதிரை அடியெடுத்து நடக்கும் நடையழகுப் போட்டி. ஜம்பிங் என்பது வரிசைப்படி நிறுத்திய தடைகளைத் தாண்டுவது. ஈவெண்டிங் என்பது இவ்விரண்டோடு, மேடும் பள்ளமும் நீரும் கடந்து பாயும் நெடுவெளி ஓட்டத்தையும் சேர்த்து, ஒரே வீரரும் ஒரே குதிரையும் நிறைவேற்ற வேண்டிய முக்கூட்டுப் போட்டி. இவை யாவற்றையும் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து ஆள்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால், கொரோனா காலத்துக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான விளையாட்டு வேறில்லை என்றே தோன்றும். திறந்த வெளி; களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்; அவரும் குதிரை முதுகில் உயர அமர்ந்திருக்கிறார்; அண்டை மனிதரோடு மோதுவதில்லை, மல்லுக்கட்டுவதில்லை. ஆயின் களத்தை விட்டு லாயத்துப் பக்கம் சென்று பார்த்தால் காட்சி வேறு. ஒரு குதிரை களத்தில் ஐந்து நிமிடம் தோன்றுவதற்குப் பின்னே, அதைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் குதிரைக்காரர், லாடம் அடிப்பவர், மருத்துவர், பயிற்சியாளர், உரிமையாளர், வண்டியோட்டி எனப் பலர் நிற்கின்றனர். ஒரே கடிவாளம் நாளொன்றுக்குப் பல கை மாறுகிறது. குதிரைக்காரர்கள் பலர் குதிரை வண்டியின் முன்பக்கத்துச் சிற்றறையிலேயே நெருக்கமாகப் படுத்துறங்குகின்றனர். நடையழகுப் போட்டியில் நீதிபதி ஒவ்வொருவரும் ஒரு சிறு கூண்டில் அமர்ந்து மதிப்பெண் சொல்ல, பக்கத்திலே தோளுரச அமர்ந்த எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வது மரபு. இவையெல்லாம் ஆறடி இடைவெளிக்கு ஒவ்வாதவை அன்றோ?

இதை உணர்ந்தே சம்மேளனம், நோய்க்காலத்தில் போட்டி நடத்துவதற்கான தனிக் கொள்கை ஒன்றை வகுத்து 2020-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போட்டி நடத்துவோர் தம் ஊரின் நோய் நிலையையும் தம் களத்தின் அமைப்பையும் கணக்கிட்டு, அபாயம் எவ்வளவு, அதைக் குறைக்கச் செய்த ஏற்பாடு யாது என்று எழுத்து மூலம் காட்ட வேண்டும். காட்டாதவர் போட்டி அட்டவணையில் இடம்பெறாது. பார்வையாளர் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். வாயிலில் உடல் வெப்பம் பார்க்கப்பட்டது. கைகுலுக்கல் நின்றது. பரிசளிப்பில் பிரமுகர் ஒருவர் குதிரையின் தலைக்கச்சில் வண்ண ரிப்பன் செருகுவதும் பல இடங்களில் நின்று, வீரரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாயினர். முகக்கவசம் எங்கும் கட்டாயம். ஆனால் குதிரை மீதேறியதும் கழற்றிக்கொள்ளலாம் என்று பல நாடுகள் விதித்தன. மூச்சு வாங்க ஓட்டுபவர் கவசம் அணிதல் ஆபத்து என்பதால் இது தக்க விலக்கே. இறங்கிய மறுகணம் மீண்டும் அணிய வேண்டும்.

குதிரை ஏறும்பொழுது குதிரைக்காரர் வீரரின் முழங்காலைத் தாங்கித் தூக்கிவிடுவது நெடுநாள் வழக்கம். இரண்டு மீட்டர் விலகி நின்று இதைச் செய்வது எவ்வாறு? ஆகவே ஏறுபடிக்கட்டை வைத்தேறுதல் பரவிற்று. முதுகுக்கு இது நல்லதென்று குதிரை மருத்துவர்கள் பன்னாளாகச் சொல்லி வந்தும் கேளாத சிலர், கொரோனாவின் புண்ணியத்தால் கேட்டனர்!

போட்டிகளை நிறுத்திவிடுவது எளிது. லாயத்தைப் பூட்டிவிட முடியாது என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. 2020 மார்ச் 25-இல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபொழுது, மட்டைப்பந்து வீரர் மட்டையை மூலையில் சாத்தி வைத்தார். குதிரையை மூலையில் சாத்தி வைக்க இயலாது. நாள்தோறும் நடத்தாவிடில் கால் வீங்கும். உடற்பயிற்சியற்று ஒரேயடியாகக் கொட்டிலில் நின்றால் வயிற்றுவலி கண்டு மடிந்துபோகவும் கூடும். ஆதலால் ஊர் அடங்கிய நாட்களிலும் குதிரைக்காரர்கள் லாயத்திலேயே தங்கி, கொள்ளும் புல்லும் வைத்து, விடியற்காலையில் குதிரைகளை நடத்தி வந்தனர்.

நிற்க. மனிதரைப் பற்றிய கொரோனா நோயைப் போட்டிக் குதிரைகள் வாங்கிப் பரப்பின என்பதற்குச் சான்று ஏதும் எழவில்லை. ஆனால் அந்நோயின் நடுவிலேயே குதிரைகளுக்கென்று ஒரு கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. மனிதர் முகக்கவசத்தோடு நடமாடிய அதே லாயங்களில் குதிரைகள் வீழ்ந்தன. இதை விரித்துரைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகரில் ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் வாரக்கணக்காகத் தடை தாண்டும் போட்டிகள் நடப்பதுண்டு. வடக்கு ஐரோப்பாவின் பனிக்குத் தப்பி அங்கே வெயிலில் பயிற்சி பெறுவதற்காகப் பல நாட்டுக் குதிரைகள் வந்து கூடும். 2021 பிப்ரவரியில் அங்கே எழுநூறுக்கு மேற்பட்ட குதிரைகள், கூடாரங்களில் வரிசை வரிசையாக அமைத்த தற்காலிகக் கொட்டில்களில் கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்குக் காய்ச்சல் கண்டது. குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ் முதல் வகை என்பது அதற்குக் காரணம். இக்கிருமி குதிரையின் உடலில் பல ஆண்டுகள் அரவமின்றி உறங்கிக் கிடக்கும். நெடும் பிரயாணமும் அலைச்சலும் சோர்வும் அதைத் தட்டி எழுப்பும். மூக்கோடு மூக்கு உரசுதலால் பரவும். குதிரைக்காரரின் கையாலும், ஒரு குதிரை குடித்த வாளியை மறு குதிரைக்கு வைப்பதாலும் பரவும். பெரும்பாலும் சளியும் காய்ச்சலுமாக வந்து போய்விடும். சினையுற்ற குதிரைக்குக் கருச்சிதைவு உண்டாக்கும். சிலவேளை நரம்பைத் தாக்கும். அப்போது பின்னங்கால்கள் தள்ளாடும், சிறுநீர் பிரியாது, விழுந்த குதிரை எழாது. ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிரைக் கச்சை கட்டிக் கூரையிலிருந்து தூக்கி நிறுத்திக் காக்க வேண்டும். தடுப்பூசி உண்டு, ஆனால் நரம்பைத் தாக்கும் வகையை அது உறுதியாகத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை.

வாலென்சியாவில் நடந்த பிழை யாதெனில், காய்ச்சல் கண்ட செய்தி உரிய இடத்துக்கு உரிய நாளில் எட்டவில்லை. சம்மேளனம் அறியுமுன்னரே குதிரைகள் சில தத்தம் நாடுகளுக்கும், கத்தார் நாட்டின் தோஹாவில் நடக்கவிருந்த போட்டிக்கும் புறப்பட்டுப் போய்விட்டன. போட்டி நிறுத்தப்பட்டு, மீதமிருந்தவை அங்கேயே அடைத்து வைக்கப்பட்டன. தத்தம் குதிரையை விட்டுப் பிரிய மனமின்றி வீரர்களும் குதிரைக்காரர்களும் இரவு பகலாக அங்கேயே கிடந்தனர். மார்ச் முதல் நாள் சம்மேளனம் ஐரோப்பியப் பெருநிலத்தின் பல நாடுகளில் போட்டிகளை நிறுத்திற்று. பின்னர் அத்தடையை ஏப்ரல் 11 வரை நீட்டித்தது. ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகரில் நடைபெற வேண்டிய உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளும் கைவிடப்பட்டன. முந்தைய ஆண்டு லாஸ் வேகாஸில் நடக்கவிருந்த இறுதிப் போட்டிகளை மனிதரின் கொள்ளைநோய் விழுங்கிற்று. அடுத்த ஆண்டினதைக் குதிரையின் கொள்ளைநோய் விழுங்கிற்று! வாலென்சியாவிலிருந்து பரவிய அந்நோயால் ஐரோப்பாவில் 18 குதிரைகள் மடிந்தன.

பதினெட்டு என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குதிரைக்குட்டி பிறந்து, சேணத்துக்குப் பழகி, சர்வதேசக் களத்துக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் விடியலில் அதன் முகத்தில் விழித்த குதிரைக்காரர் ஒருவர் உண்டு. குதிரைக்குக் காப்பீடு இருக்கக்கூடும். அவர் இழந்ததற்கு எந்தக் காப்பீடும் இல்லை.

ஏப்ரல் 12-க்குப் பின் போட்டிகள் மீண்டும் தொடங்கியபொழுது வந்த விதிகளை நோக்குங்கால், அவை மனிதருக்கென்று எழுதியவற்றின் இரட்டைப் பிறவியோ என்று ஐயுறத் தோன்றும். களத்துக்கு வருமுன் நாள்தோறும் குதிரையின் வெப்பத்தை அளந்து குறிக்க வேண்டும். நோயற்றது என்று பொறுப்பாளர் தாமே உறுதிமொழி தர வேண்டும். வாயிலில் மருத்துவப் பரிசோதனை உண்டு. களத்தில் தங்கும் நாளெல்லாம் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை வெப்பம் பார்க்க வேண்டும். 38.5 பாகை செல்சியஸை எட்டினால் தனிக் கொட்டிலுக்கு மாற்ற வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு போட்டிக் களத்திலும் தனிக் கொட்டில்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். வாளி, தூரிகை, துணி ஆகியவற்றை ஒரு குதிரைக்குரியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. இவ்விவரங்களைக் கைப்பேசி வழியே பதியும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

இதிலே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மனிதரின் நெற்றியில் எட்ட நின்று வெப்பம் பார்க்கலாம். குதிரைக்கு அது செல்லாது. வாலை உயர்த்தி மலவாயில் வெப்பமானியைச் செருகியே பார்க்க வேண்டும். பழக்கமற்றவர் பின்னால் போய் நின்றால் உதை விழும். ஆகவே முந்நூறு குதிரைகள் கூடிய களத்தில் ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் தாமே அளப்பது ஆகாத காரியம். குதிரைக்காரரே அளக்கிறார், குதிரைக்காரரே எழுதுகிறார். அவர் எழுதும் ஓர் எண்ணை நம்பியே இந்தக் காப்பு முழுவதும் நிற்கிறது.

அவர் மெய்யை எழுதுவாரா? இருபது மணி நேரம் வண்டியோட்டி வந்திருக்கின்றனர். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் கட்டியாயிற்று. நாளை முக்கியப் போட்டி. இன்று மாலை வெப்பமானி 38.7 காட்டுகிறது. வெயிலாக இருக்கலாம், பிரயாண அலுப்பாக இருக்கலாம், நாளைக் காலை தணிந்துவிடலாம். 38.2 என்று எழுதிவிட்டால் கேட்பார் யார்? காய்ச்சலைத் தணிக்கும் மருந்து கொடுத்துவிட்டால் வெப்பமானியே பொய் சொல்லிவிடும். உள்ளதை எழுதினாலோ, தம் குதிரை மட்டுமன்றி, பக்கத்துக் கொட்டில் குதிரைகளும் போட்டியிழக்கக்கூடும். முதலாளியின் முகம் கறுக்கும். வேலைக்கே கேடு வரலாம். நோயை ஒளிப்போரைக் கொடியவர் என்று ஏசுவது எளிது. 2020-இல் பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் இருமலை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றோர் நிலையை அறிந்த நாம் அவ்வாறு ஏச மாட்டோம். நமது கருத்து வேறு. உண்மை சொன்னவர் கட்டணத்தைத் திரும்பப் பெறுவார், தனிக் கொட்டிலுக்குப் போன குதிரைக்கு நல்ல மருத்துவம் கிடைக்கும், சொன்ன குதிரைக்காரரின் வேலை போகாது என்ற உறுதி இருக்குமிடத்தில்தான் வெப்பமானி உண்மை பேசும். தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டு போகும் விதி, ஒளிக்கும் திறமையைத்தான் வளர்க்கும்.

இதற்கு முன்னர் நடந்த ஒரு வரலாறு இதைத் தெளிவாக்கும். ஆஸ்திரேலியா பெருங்கடல் சூழ்ந்த நாடாதலால், உலகெங்கும் திரிந்த குதிரை இன்புளூவன்சா 2007 வரை அங்கே கால் வைத்ததில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிநாடுகளிலிருந்து இனப்பெருக்கத்துக்காக விமானத்தில் கொண்டுவந்த பொலிகுதிரைகள் சிட்னி அருகே ஈஸ்டர்ன் கிரீக் என்னுமிடத்துத் தனிமை நிலையத்தில் வைக்கப்பட்டன. மதிலும் காவலும் விதியும் எல்லாம் இருந்தன. ஆயினும் கிருமி வெளியேறிவிட்டது. ஆகஸ்டு 17 முதல் 19 வரை மெய்ட்லாண்ட் என்னும் ஊரில் ஒரு குதிரையேற்றப் போட்டி நடந்தது. அங்கே கூடிய குதிரைகள் அந்நோயைத் தத்தம் ஊருக்குக் கொண்டுபோயின. நோய் இன்னதென்று தெரிந்ததும் நாடு முழுவதும் குதிரைகள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிட்னியின் வசந்தகாலப் பந்தயங்கள் நின்றன. ஏறத்தாழ 10,000 இடங்களில் நோய் பரவிற்று. அவ்வாண்டுக் கடைசிக்குள் தடுப்பூசியாலும் நடமாட்டத் தடையாலும் அதை அடியோடு ஒழித்தது ஆஸ்திரேலியரின் பெருஞ்சாதனை.

அந்நாட்டு உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி இயான் காலினன் தலைமையில் விசாரணை நடந்தது. 2008-இல் வெளியான அறிக்கை சொன்னது இது: தனிமை நிலையத்துக்குள் சென்று வந்த குதிரைக்காரரோ, மருத்துவரோ, லாடக்காரரோ, வேறு எவரோ சரிவரக் கழுவிக்கொள்ளாமல் வெளியேறியபொழுது, அவர் உடல் மீதோ உடை மீதோ கருவி மீதோ கிருமி ஒட்டிச் சென்றிருக்கவே பெரிதும் வாய்ப்பு. வெளியேறுவோர் குளித்து உடை மாற்ற வேண்டும் என்பது போன்ற காப்புகள் ஏட்டளவில் நின்றன. யாரும் நின்று பார்த்துச் செய்விக்கவில்லை. அந்த ஒருவர் யார் என்று விசாரணை சுட்டவில்லை. சுட்டாததே சரி என்பது நம் எண்ணம். குளியலறையும் சோப்பும் வைத்து, குளிக்கும் நேரத்துக்கும் கூலி கொடுத்து, எல்லாரும் குளிக்கிறாரா என்று கவனிப்பது நிலையத்தை நடத்துவோர் கடமை.

போட்டிக்கே இடம் மாறிய வரலாறும் உண்டு. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்தபொழுது, வெளிநாட்டுக் குதிரைகளைச் சேர்க்கும் விஷயத்தில் ஆஸ்திரேலியா தன் தனிமை விதியைத் தளர்த்த மறுத்துவிட்டது. விளைவு, குதிரையேற்றம் மட்டும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது. மற்ற விளையாட்டுகள் நவம்பரில் மெல்போர்னில் நடந்தன. ஒரே ஒலிம்பிக், இரு கண்டம்! 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றமும் இதே காரணத்தால் ஹாங்காங்கில் நடந்தது. குதிரைக்காக ஒலிம்பிக்கையே நகர்த்தினரே என்று வியக்கும்பொழுது, வேறொன்றும் நம் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டே கப்பலேற்றப்பட்டன. மண்டபம் கேம்ப் என்ற இரயில் நிலையப் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. அவர்களுக்காக எவரும் எதையும் நகர்த்தவில்லை.

இனி டோக்கியோவுக்கு வருவோம். 2020-இல் நடக்க வேண்டிய அந்த ஒலிம்பிக் 2021 ஜூலையில் தொடங்கிற்று. ஐரோப்பாவிலிருந்து செல்லும் குதிரைகள் 60 நாள் உடல்நலக் கண்காணிப்புக்குப் பின், ஜெர்மனியின் ஆகன் நகரில் ஏழு நாள் தனிமை வாசம் முடித்து, பெல்ஜியத்தின் லியேஜ் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டன. முதல் விமானத்தில் 36 நடையழகுக் குதிரைகள். பறக்கும் கொட்டில் ஒன்றுக்கு இரண்டு குதிரைகள் நின்றவாறே, துபாய் வழியாக ஏறத்தாழ 18 மணி நேரம் பிரயாணம் செய்து, டோக்கியோவின் ஹானெடா நிலையத்தில் இறங்கின. மனிதருக்கும் விதி குறைவில்லை. புறப்படுமுன் இரு வேறு நாட்களில் பரிசோதனை. சென்ற பின் நாள்தோறும் உமிழ்நீர்ப் பரிசோதனை. தங்குமிடம், பயிற்சிக் களம், போட்டிக் களம் தவிர வேறெங்கும் அடி வைக்கலாகாது. போட்டி முடிந்த இரு நாட்களுக்குள் கிராமத்தை விட்டு வெளியேற வேண்டும். காண வந்த கூட்டமோ இல்லை.

அந்த ஆளற்ற களத்தில்தான் பெங்களூரு இளைஞர் ஃபுவாத் மிர்சா இந்தியாவின் சார்பில் தோன்றினார். சிட்னி ஒலிம்பிக்கில் இம்தியாஸ் அனீஸ் கலந்துகொண்ட 2000-க்குப் பின், இருபதாண்டுகளுக்கு மேலாக ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியர் எவரும் இடம்பெறவில்லை. மிர்சா குதிரை மருத்துவரின் மகன். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளியும் குழு வெள்ளியும் வென்றவர். கொரோனா காலத்தை ஜெர்மனியில் பயிற்சியிலேயே கழித்தார். டோக்கியோவில் சென்யோர் மெடிகாட் என்னும் குதிரை மீது நடையழகில் 28.00 தண்டப் புள்ளியோடு முன்வரிசையில் நின்றார். நெடுவெளி ஓட்டத்தில் நேரம் கடந்ததால் 11.20 கூடிற்று. தடை தாண்டலில் முதல் சுற்றில் 8 சேர்ந்தும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார்; அங்கே 12.40 சேர, 59.60 புள்ளியோடு 23-ஆம் இடம். ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஓடிய குதிரையை ஊக்குவிக்க ஒரு கைதட்டல் ஒலியில்லை. இங்கே நம் வீடுகளில் தொலைக்காட்சி முன் அமர்ந்து பலர் தட்டினோம். அது டோக்கியோவுக்குக் கேட்டிராது.

பெங்களூரு வீரர் ஏன் ஜெர்மனியில் இருந்து பயில வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். உயர்ந்த போட்டிகள் அங்கே மிகுதி என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், நாம் சொல்லி வந்த நோய் விதிகளே. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய நோய் 1959 முதல் 1961 வரை மேற்காசியாவிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பரவி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் கோவேறு கழுதைகளையும் மாய்த்தது. 2014-இல்தான் இந்தியா அந்நோயற்ற நாடென்று உலக விலங்குநல அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆயினும் கிளாண்டர்ஸ் முதலான வேறு நோய்கள் இருந்தமையால், இந்திய மண்ணில் வளர்ந்த குதிரை நேரே வெளிநாட்டுப் போட்டிக்குப் போவது அரிதிலும் அரிதாயிருந்தது. கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போய் 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில், அனுஷ் அகர்வாலா, சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா ஆகிய நால்வரும் நடையழகில் குழுத் தங்கம் வென்றனர். 1982 டில்லி விளையாட்டுக்குப் பின், 41 ஆண்டு கழித்துக் குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற தங்கம் அது. வென்ற வீரர் நம்மவர். அவர்களைச் சுமந்த குதிரைகளோ ஐரோப்பாவில் பயிற்றப்பட்டவை.

2025 ஜூலையில் இந்நிலைக்கு ஒரு திறப்பு உண்டாயிற்று. மீரட் பாசறையிலுள்ள இராணுவக் குதிரை மருத்துவப் பிரிவின் கல்லூரி வளாகம், நோயற்ற குதிரைத் தனிப்பகுதி என்று உலக விலங்குநல அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. இத்தகைய ஒப்புதல் பெற்ற முதல் இந்திய இடம் அதுவே. கிளாண்டர்ஸ், குதிரை இன்புளூவன்சா, சர்ரா முதலான நோய்கள் உள்ளே நுழையாவண்ணம் மதில், காவல், கழுவுதல், பூச்சி ஒழிப்பு, இடைவிடாக் கண்காணிப்பு எல்லாம் அங்கே செய்யப்படுகின்றன. அங்கே வளரும் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்ல இனி வழியுண்டு.

மதிலுக்கு வெளியே இருப்பவை வேறு குதிரைகள். 2008 ஜூனில் நம் நாட்டில் குதிரை இன்புளூவன்சா மீண்டும் தலைகாட்டியது, வைஷ்ணவி தேவி மலையடிவாரமான கட்ராவில், யாத்திரிகரைச் சுமக்கும் மட்டக்குதிரைகளிடத்தும் கோவேறு கழுதைகளிடத்தும். பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவிற்று. 2006-இல் திரும்ப வந்த கிளாண்டர்ஸ் மனிதரையும் பற்றக்கூடியது, தடுப்பூசி இல்லாதது, உறுதிப்பட்டால் அவ்விலங்கைக் கொன்று புதைப்பதே சட்டம். மீரட்டைச் சுற்றியுள்ள உத்தரப் பிரதேச ஊர்களில் செங்கற்சூளைகளுக்கு வண்டியிழுக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மிகப் பல. ஒரு வண்டிக்காரருக்கு அவ்விலங்கு ஒன்றே பிழைப்பு. அதன் மூக்கில் சீழ் வடியக் கண்டால், அரசு மருத்துவரிடம் போய்ச் சொல்வதா, இரவோடிரவாக அடுத்த சந்தையில் விற்றுவிடுவதா என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். சட்டப்படி அவருக்கு இழப்பீடு உண்டு. கொன்ற அன்றே அது கையில் கிடைக்குமா, ஆறு மாதம் அலுவலக வாயிலில் நிற்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே அவர் செல்லும் திசை அமைகிறது.